மெட்டு ஏறாத சைக்கிள்

போடிநாயக்கனூரில் ஐம்பது வயது தாண்டிய ஒருவன் விடிகாலையில் சைக்கிள் மிதித்துப் போனால், ஊர் அதற்கு இரண்டு காரணங்களைத்தான் ஏற்றுக்கொள்ளும். ஒன்று, வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது. இரண்டு, சுகர். மூன்றாவதாக, "சும்மா, ஆசைக்கு ஓட்டுறேன்" என்று சொல்லிப் பாருங்கள். கேட்டவர் ஓரடி தள்ளி நிற்பார். அன்று சாயங்காலத்துக்குள் உங்கள் மச்சினனுக்குப் போன் போயிருக்கும்.

கொஞ்ச நாள் நான் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் நம்பவில்லை என்பதுகூடப் பரவாயில்லை, எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். "தோட்டம் ஏதும் கைவிட்டுப் போச்சாண்ணே?" என்று ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். எனக்குத் தோட்டமே இருந்ததில்லை. இனி தாங்காது என்று சுகரை ஒப்புக்கொண்டேன். அன்றிலிருந்து மரியாதை பெருகிவிட்டது. வெந்தயத்தை ராத்திரியே ஊறப்போட வேண்டும் என்கிறார் ஒருவர். சிறுகுறிஞ்சான் இலையை வெறும் வயிற்றில் மெல்லச் சொல்கிறார் இன்னொருவர். ஆவாரம்பூ, நாவல்கொட்டைப் பொடி, பாகற்காய்ச் சாறு என்று போடியிலிருந்து தேவாரம் போவதற்குள் ஒரு சித்த வைத்தியசாலையே நடத்தும் அளவுக்குப் பாடம் கேட்டாகிவிட்டது. என் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சர்க்கரை அளவாகத்தான் இருக்கிறது. ஆனால் சிலமலை டீக்கடையில் என்னைக் கண்டதும் சீனி டப்பாவை மூடி வைத்துவிடுகிறார்கள். "அண்ணனுக்குச் சீனி இல்லாம ஒண்ணு." மறுத்துப் பேச வழியில்லை.

இது உள்ளூர்க்காரர்களிடம். வெளியூர்க்காரர்களிடம் வேறு வகைத் தொல்லை. போடியில் சைக்கிள் ஓட்டுகிறேன் என்றவுடன் அவர்கள் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். "ஓ, போடிமெட்டா!" நான் மெட்டுக்குப் போவதில்லை. மெட்டுக்கு எதிர்ப்பக்கம் என்றுகூடச் சொல்லலாம். அதைச் சொன்னதும் அந்த வெளிச்சம் அணைந்துவிடும்.

மெட்டின் கவர்ச்சி எனக்குப் புரியாமலில்லை. கொச்சிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை, முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் மலையில் கால் வைக்கிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள். போடி ஏறக்குறைய 1,200 அடி உயரத்தில் இருக்கிறது என்றால் மெட்டு ஏறக்குறைய 4,500 அடியில். பிரான்சில் ஆல்ப் துவே என்று ஒரு மலைச்சாலை உண்டு. 21 வளைவுகள். உலகத்தின் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸ் 1952-ல் முதன்முதலாக அங்கே ஏறியது. இத்தாலியின் ஃபாஸ்டோ கோப்பி ஜெயித்தார். ஏறும் உயரத்தை மட்டும் கணக்குப் பார்த்தால் நம்ம மெட்டு அதற்கு அதிகம் இளைத்ததில்லை. அங்கே வழியெல்லாம் நின்று கைதட்டுவார்கள். இங்கே வளைவுக்கு வளைவு குரங்குகள் உட்கார்ந்து, பையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும்.

சென்னையிலிருந்து என் மைத்துனர் மகன் போன வருஷம் சைக்கிளும் கையுமாக வந்து இறங்கினான். இறங்கியது போடி ஸ்டேஷனிலேயே. மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையை அகலமாக்குகிறோம் என்று 2010 கடைசியில் மூடினார்கள். தேனி வரை ரயில் திரும்பி வர 2022 மே ஆனது; போடிக்கு வர 2023 ஜூன் 15 ஆனது. இத்தனை பொறுமைக்குப் பிறகு கிடைத்த சென்னை ரயிலில் இவன் இறங்கியது ஒரு ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, உடம்போடு ஒட்டிய பச்சை உடை, நடந்தால் டக் டக்கென்று சத்தம் போடும் செருப்பு ஆகியவற்றுடன். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் என்னிடம் கேட்டார்: "தம்பி எந்த சர்க்கஸ்ல இருக்காப்ள?"

மறுநாள் இருட்டோடு கிளம்பி மெட்டுக்குப் போனான். நான் எழுந்து பல் துலக்கி, பேப்பர் படித்து, இட்லி சாப்பிட்டு, இன்னொரு காபியும் குடித்து முடிக்கும் நேரத்தில் திரும்பி வந்தான். முகம் பூராவும் உப்புப் பூத்திருந்தது. "மெட்டுல என்னப்பா பாத்தே?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"நூத்தி எழுபத்தெட்டு மாமா."

"என்னது?"

"ஹார்ட் ரேட்."

மலையில் மேகம் இறங்கியிருந்ததா, கீழே போடி தெரிந்ததா, ஏலத்தோட்டத்தில் ஆள் நடமாட்டம் உண்டா, ஒன்றுக்கும் பதில் இல்லை. போகும்போது முன்சக்கரத்தைப் பார்த்திருக்கிறான். வரும்போது பிரேக்கைப் பார்த்திருக்கிறான். நடுவில், மணிக்கட்டில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்திருக்கிறான். இதற்குச் சென்னையிலேயே ஒரு பாலத்தில் ஏறி இறங்கியிருக்கலாம்.

மலையேறுவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த மலையோடு கணக்குத் தெரிந்து பழகியவர்கள் ஏறுவதை எப்போதும் வேறு யாரிடமாவது, அல்லது வேறு எதனிடமாவது, ஒப்படைத்திருக்கிறார்கள். மூணாற்றுத் தேயிலையை வெள்ளைக்காரர்கள் எப்படிக் கொண்டுவந்தார்கள்? 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாடு கட்டி இழுத்தார்கள். 1908-ல் அதைச் சிறு ரயிலாக்கினார்கள். டாப் ஸ்டேஷன் வரை அந்த ரயில். அதற்குக் கீழே செங்குத்தான சரிவு. அங்கே கம்பிவடம் கட்டி, தேயிலைப் பெட்டிகளைக் கொட்டகுடிப் பக்கம் தொங்கவிட்டு இறக்கினார்கள். பிறகு போடி, பிறகு தூத்துக்குடி, பிறகு கப்பல். 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஒரு சாம்ராஜ்யமே இந்தச் சரிவில் பெட்டியைக் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறது. நான் எதற்குக் காலால் மிதிக்க வேண்டும்?

என்னுடைய ரோடு வேறு. போடியிலிருந்து தெற்கே சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை வழியாக உத்தமபாளையம் போகும் ரோடு. சுமார் 30 கிலோமீட்டர். வலது கைப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். இடது பக்கம் தென்னை, வாழை, சோளம், மொச்சை, இடையிடையே காற்றில் பஞ்சு விடும் இலவ மரங்கள். வெயில் ஏறுவதற்குள் கிளம்பினால் சூரியன் இடது தோளில் இருக்கும், மலையெல்லாம் அதன் வெளிச்சத்தில் ஒவ்வொரு மடிப்பாகத் தெரியும். மெட்டில் ஏறுகிறவன் மலையின் மேல் இருப்பதால் அவனுக்கு மலை தெரியாது. எனக்குத் தெரியும்.

இந்த ரோட்டைப் பற்றி ஒரே ஒரு உண்மை யாருக்கும் தெரியாது: இதில் மேடு உண்டு. முதல் தடவை கிளம்பும் முன் பலரிடம் விசாரித்தேன். "மேடா? அந்த ரோட்லயா? தாம்பாளத்துல ஓட்டுற மாதிரி இருக்கும்ணே, பைய போலாம்" என்றார்கள் ஒருவர் பாக்கியில்லாமல். எல்லோரும் அதே ரோட்டில் தினமும் போகிறவர்கள். எல்லோரும் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். கையைக் கொஞ்சம் திருகினால் தீர்ந்துவிடும் மேடு மனசில் பதியாது. ஆனால் ரோட்டின் கணக்கு இதுதான்: மலையடிவாரத்தை ஒட்டி ரோடு தெற்கே போகிறது, மலையில் பெய்கிற மழையெல்லாம் ஓடைகளாகக் கிழக்கே வந்து ரோட்டைக் குறுக்கே வெட்டுகிறது. ஓடைக்கு ஓடை ரோடு இறங்கும், ஒரு பாலமோ தரைப்பாலமோ வரும், பிறகு ஏறும். பாலத்தை எண்ணினால் மேட்டை எண்ணிய மாதிரி. எந்த மேடும் பெரிதில்லை. எதிலும் இறங்கித் தள்ள வேண்டியதில்லை. இறக்கத்தில் வந்த வேகமே ஏற்றத்தில் முக்கால்வாசி தூக்கிவிடும். மிச்சக் கால்வாசிக்குத்தான் நாம். பாலத்துக்கு முந்தி நெடுஞ்சாலைக்காரர்கள் ஒரு வேகத்தடையைப் போட்டுச் சேர்த்த வேகத்தையெல்லாம் பிடுங்கிக்கொள்ளாத வரைக்கும்.

காலையில் எதிரே வருவது ஜீப்புகள். தேவாரம், ராசிங்காபுரம் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடி வழியாக மெட்டுக்குப் போகிறவை. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்பதைப் போலீஸ்காரரும் எண்ணி முடித்ததில்லை. தூக்குவாளிகள் வெளியே தொங்கும். தலையில் கட்டிய துண்டுகள் ஜன்னல் நிறையத் தெரியும். இருட்டில் எழுந்து சமைத்து, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்து, இந்த வளைவுகளெல்லாம் குலுங்கி ஏறி, பனியிலும் சாரலிலும் குனிந்து ஏலக்காய் எடுத்துவிட்டு, பொழுது சாயத் திரும்புகிறவர்கள். அவர்களில் ஒரு அம்மா, வேகத்தடையில் ஜீப் நின்று நகரும்போது, வியர்வையில் நனைந்திருந்த என்னைப் பார்த்துச் சொன்னார்: "இந்த வயசுல இம்புட்டுக் கஷ்டம் எதுக்குண்ணே?"

அதற்குப் பிறகு ஜீப் எதிரே வந்தால் மூச்சு வாங்குவதைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஏலத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் டீயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மலையில் விளைகிற ஏலக்காய் போடியிலும் கேரளப் பக்கத்துப் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டின் ஏல மையங்களில் விலை போகிறது. இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில்தான் ஏலம். ஆனால் கம்ப்யூட்டருக்கு மூக்கு கிடையாதே! அதனால் மாதிரிக் காய் வியாபாரிகள் கைக்கு வரும். உள்ளங்கையில் போட்டு உருட்டுவார்கள், நிறம் பார்ப்பார்கள், ஒன்றை உடைத்து மோந்து பார்ப்பார்கள், மிச்சத்தைக் கீழே கொட்டுவார்கள். தரையெல்லாம் ஏலக்காய். 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய்க்குப் போன பண்டத்தின் மேல் செருப்புக் காலோடு நடப்பார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் டீக்கடை. "ஏலக்காய் போட்டு ஒரு டீ" என்று சொன்னால் கடைக்காரர் ஒரு நிமிஷம் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். "இஞ்சி போடவா?" என்பார். உலகமே போடி ஏலக்காய் போட்டு டீ குடிக்கிறது. போடி இஞ்சி டீ குடிக்கிறது. சவுதிக்காரர் காபியில் கைநிறையப் போடுகிறார் என்பார்கள். அவர் சைக்கிளில் வருவதில்லை, அதனால் கடைக்காரர் மதிக்கிறார் என்று நினைக்கிறேன்.

ராசிங்காபுரம் தாண்டும்போது பள்ளிக்கூட நேரம் ஆகிவிடும். என் வேகத்தைப் பற்றி எனக்கு இருந்த சிறு பெருமையும் அங்கே முடிவுக்கு வரும். அரசாங்க சைக்கிளில் இரண்டு பிள்ளைகள் ஜோடியாக, பேசிக்கொண்டே, என்னைத் தாண்டிப் போகும். ஒருத்தி மிதிப்பாள். கேரியரில் உட்கார்ந்திருப்பவள் அன்றைக்குப் பரீட்சை வைத்துக்கொண்டு கெமிஸ்ட்ரி நோட்டைப் புரட்டுவாள். இரண்டு பேர், இரண்டு பை, ஒரு நோட்டு, கியர் கிடையாது, மேடு. என்னைத் தாண்டும்போது பெல் அடித்துவிட்டுப் போவார்கள். அந்தப் பெல் மரியாதைக்காகத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இந்தப் பெல்லுக்கும் போடிக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. ஜெயலலிதா முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குப் போனது 1989-ல், போடிநாயக்கனூர் தொகுதியிலிருந்து. அவர் ஆட்சியில்தான் 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தார்கள். பின்னால் அது அரசு, உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் என்றானது. இலவச சைக்கிளுக்கும் பத்து வருஷத்துக்கு முந்தி புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகியதைப் பத்திரிகைகள் எழுதின. அரசியலில் யாருக்கு எது பிடிக்குமோ தெரியாது, ஒரு கிராமத்துப் பெண்பிள்ளை யாரையும் கேட்காமல் தன் காலால் ஐந்து கிலோமீட்டர் போய் வர வைத்த திட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளைகள் என்னை முந்தினாலும் சரி.

எங்கள் காலத்தில் சைக்கிள் என்றால் வாடகை சைக்கிள்தான். மணிக் கணக்கு. கடைக்காரர் நோட்டில் பெயர், நேரம், அப்பா பெயர் மூன்றையும் எழுதுவார். அப்பா பெயர்தான் உண்மையான அடமானம். மட்கார்டில் கடை நம்பர் பெயின்ட் அடித்திருக்கும், தப்பித்து எங்கும் போக முடியாது. கால் எட்டாதவர்களுக்குக் குரங்குப் பெடல்: குறுக்குக் கம்பிக்குள் காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கம் கோணிக்கொண்டு ஓட்டுவது. அரை மணி நேரத்துக்கு எடுத்த சைக்கிளில் கால் மணி நேரம் விழுவதற்கும் எழுவதற்கும் போய்விடும். அன்று நூறு பேர் பார்க்க விழுந்தபோது யாரும் "சுகரா?" என்று கேட்கவில்லை.

அந்தக் கடைகள் போய்விட்டன. இருப்பவை பைக் பஞ்சர்க் கடைகள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால், "டியூப்லெஸ்ஸா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ராசிங்காபுரத்துக்கும் தேவாரத்துக்கும் நடுவில் ஒரு கருவேலமுள் என் பின்டயரைச் சோதித்துப் பார்த்த நாளில், ஒரு பெரியவர் அகப்பட்டார். வேப்பமரம், தகரப் பெட்டி, ஒரு சட்டி தண்ணீர். டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீரில் முக்கி, குமிழி வருகிற இடத்தை விரலால் அடையாளம் வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி, ஒட்டி, சுத்தியலால் இரண்டு தட்டு. அதற்குள் அவர் என் ஊர், தெரு, கொடுக்கல் வாங்கல், பிள்ளைகளின் சம்பளம் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டார். டியூபில் ஒரு ஓட்டைதான் இருந்தது. என் குடும்பத்தில் அவர் மூன்று கண்டுபிடித்தார். காசு கொடுத்தபோது, "சுகருக்கு நல்லதுதான், விட்டுறாதிய" என்றார். இவரிடம் யார் சொன்னது?

அந்த இடத்திலிருந்து மேற்கே பார்த்தால் பொட்டிப்புரம் பக்கத்து மலை. அங்கேதான் மலைக்கு உள்ளே இரண்டு கிலோமீட்டர் அளவுக்குச் சுரங்கம் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் வைக்கப் போவதாகச் சொன்னார்கள். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மதிப்பீடு சுமார் 1,500 கோடி. 50,000 டன் இரும்பில் ஒரு கருவி. தண்ணீர் போய்விடும், மலை போய்விடும் என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். வழக்குப் போனது. 2022-ல் தமிழக அரசும் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. மலை அப்படியே நிற்கிறது, எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் அந்தத் துகளின் மேல் எனக்கு ஒரு பொறாமை உண்டு. நியூட்ரினோ அநேகமாக எதிலும் இடிக்காது. மலை வழியாக, பூமி வழியாக, இதை எழுதுகிற என் வழியாக, ஒரு நொடிக்கு லட்சம் கோடிக் கணக்கில் புகுந்து போய்க்கொண்டே இருக்கும். அதற்கு மேடு கிடையாது, எதிர்காற்று கிடையாது, வேகத்தடை கிடையாது. "எங்கண்ணே போறீக?" என்று நிறுத்தி வைத்துப் பேசவும் யாருமில்லை.

தேவாரத்தில் இட்லி சூடாகக் கிடைக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே யாரிடமாவது பேச்சுக் கொடுத்தால் சாக்குலூத்து மெட்டு வழியாகக் கேரளத்துக்கு ரோடு வேண்டும் என்ற பழைய கோரிக்கைக்கு வந்து சேரும். அந்த ரோடு வந்தால் ஜீப்பில் போகிற அம்மாக்களுக்குச் சுற்று மிச்சம், அதனால் வரட்டும். என் மைத்துனர் மகனுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.

அடுத்து பண்ணைப்புரம். 1943-ல் இளையராஜா பிறந்த ஊர். அங்கே வெளியூர் முகம் ஒன்று சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றி, தண்ணீர் பாட்டிலைத் திறந்தால் போதும். கேட்காமலே இளையராஜா வீட்டுக்கு வழி சொல்வார்கள். "நேரா போய் சோத்தாங்கைப் பக்கம்." தண்ணீர்தான் குடிக்கிறேன் என்றால் நம்பமாட்டார்கள். அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். மலைக்கு மேலே தேவிகுளத்தில் 1958-ல் நடந்த இடைத்தேர்தலுக்கும் போய்த் தோட்டத் தொழிலாளர்கள் நடுவில் பாடினார். ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கத்து ரோடுகளில் எவ்வளவு தூரம் போயிருப்பார்கள்! நான் ஒரு தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போவதற்கு இவ்வளவு எழுதுகிறேன்.

பண்ணைப்புரம் வரை எல்லாம் இன்பம். அதற்கு அடுத்த ஊர் கோம்பை.

நாய் வளர்க்கிறவர்களுக்குக் கோம்பை என்றால் காது நிமிரும். ஊரின் பெயரே ஒரு நாட்டு நாய் இனத்தின் பெயர். செவலை உடம்பு, கறுத்த வாய், இறுகிய தாடை. பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் ஜமீன் காலத்திலிருந்து பேர் வாங்கிய சாதி. சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு நாய் எங்கேயும் சங்கடம்தான். ஆனால் மற்ற ஊரில் குரைக்கிறது வெறும் நாய். இங்கே குரைப்பது வரலாறு. அசல் கோம்பை இப்போது அரிது, தெருவில் திரிவதில் பெரும்பாலானவை கலப்புத்தான் என்று விவரம் தெரிந்தவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். இந்தச் செய்தி அந்தத் தெருநாய்களுக்கு எட்டவில்லை. ஒவ்வொன்றும் தன் பாட்டன் பன்றி பிடித்தவன் என்ற நினைப்பில்தான் ஓடி வருகிறது.

என் அனுபவத்தில் மூன்று வகை ஆலோசகர்கள் உண்டு. வேகமாக மிதி என்பவர்கள்: இவர்களை நாய் துரத்தியதில்லை. மிதிக்கிற காலைக் கண்டால்தான் அதற்கு உற்சாகமே. கல்லெடு என்பவர்கள்: ஒரு கையில் ஹேண்டில்பார், ஒரு கையில் கல், நடுவில் நான் என்பது எவ்வளவு நேரம் நிற்கும்? மூன்றாவது, கோம்பைக்காரர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்தபடியே சொன்னது: "எறங்கி நடங்க சார், சைக்கிள நடுவுல வச்சுக்கங்க." அதைச் செய்தேன். சக்கரம் நின்றதும் நாயின் முகத்தில் ஒரு ஏமாற்றம். துரத்துவதற்கு எதுவுமே இல்லை. கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்து, மோந்து பார்த்து, இதுவும் சுகர் கேஸ்தான் என்ற தீர்மானத்துடன் திரும்பிப் போய்விட்டது. அதிலிருந்து கோம்பைக்குள் நான் ஒரு பாதசாரி. ஊரில் நல்ல பெயர் இருக்கிறது.

இத்தனைக்கும் நாயோ மேடோ இந்தப் பக்கத்தில் சைக்கிளுக்குப் பெரிய எதிரி இல்லை. காற்றுதான். ஆனியில் கிளம்பினால் ஆடி, ஆவணி வரை மேற்கிலிருந்து அடிக்கும். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் நமக்கு வெறுங்காற்றையும் கொஞ்சம் சாரலையும் அனுப்பி வைக்கும். தேனி மாவட்டத்தில் காற்றாலை நட்டு வைத்தவர்கள் ஒன்றும் விவரம் தெரியாதவர்கள் அல்ல. தேவாரம் ரோட்டில் அது பக்கவாட்டில் அடிப்பதால் உடம்பை வலது பக்கம் சாய்த்து ஓட்ட வேண்டும். தென்னந்தோப்பு வந்ததும் காற்று சட்டென்று நிற்கும். சாய்ந்த சாய்வில் நீங்கள் ரோட்டோரச் சோளத்துக்குள் இருப்பீர்கள். தேனியிலிருந்து போடிக்கு வருவது அதைவிட மோசம். 15 கிலோமீட்டரும் நேர் மேற்கு, லேசான ஏற்றம் கண்ணுக்குத் தெரியாமல் கூடிக்கொண்டே வரும், எதிரே காற்று. கோடாங்கிபட்டி பக்கத்தில் ஒரு ஆடி மாதம் நான் மிதித்துக்கொண்டிருந்தேன், ரோட்டோரம் நின்ற ஆடு மேய்க்கிறவர் என்னோடு சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார். வெகுநேரம் பேசினோம். அவர் நகரவில்லை. நானும் பெரிதாக நகரவில்லை.

ஆகவே வருகிறவர்களுக்கு: தையில் வாருங்கள், மாசியிலும் வரலாம். பங்குனி வெயிலுக்கு இந்த ரோட்டில் நிழல் போதாது. விடியும்போது போடியில் இருங்கள், இட்லிக்குத் தேவாரம். பாட்டிலில் தண்ணீர், பையில் பஞ்சர் சாமான், டீக்கடையில் சீனி வேண்டுமென்று முதலிலேயே சொல்லிவிடும் தைரியம், இவை போதும். கோம்பையில் இறங்கி நடங்கள். உத்தமபாளையத்தோடு திரும்பிவிடுங்கள், அங்கிருந்து குமுளி நெடுஞ்சாலை, கார்த்திகை மார்கழியில் ஐயப்பன் வண்டிகளும் மற்ற மாதங்களில் லாரிகளும் உங்களுக்காக ஒதுங்காது. தேனி போக வேண்டியிருந்தால் போடியிலிருந்து தேனிக்கு மிதியுங்கள், ஒருநாளும் தேனியிலிருந்து போடிக்கு மிதிக்காதீர்கள். போடிமெட்டைப் பார்க்காமல் போக மனசு வரவில்லையா? மூணாறு பஸ் இருக்கிறது.